18 முடிந்து இல்லத்தை விட்டு வரும் பிள்ளைகள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து, 18 முடிந்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு அறை பார்த்துக் கொடுப்பது, பேங்குக்குக் கூடப் போவது, வேலையில் சேரும் நாளில் வாசல்வரை போய் நிற்பது: நானும் சில நண்பர்களும் சென்னையில் சில வருடங்களாகச் செய்துவருவது இதுதான். அமைப்பு, போர்டு, ரசீது புத்தகம் எதுவும் கிடையாது. உதவ நினைத்துப் பேசுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள். ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசுவதற்குப் பதில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

18 வயசு முடிஞ்ச அன்னிக்கே ஹோமை விட்டு அனுப்பிடுவாங்களாமே, நிஜமா?

சட்டப்படி குழந்தை என்பது 18 வயதுவரைதான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் நடக்கும் இல்லங்களுக்கும் அதுதான் எல்லை. பிறந்தநாளன்று பெட்டியைத் தூக்கி வெளியே வைப்பதை நான் பார்த்ததில்லை. பரீட்சை முடியட்டும், பள்ளிக்கூட வருடம் முடியட்டும் என்று இழுத்துப் பிடிப்பார்கள். ஆனால் ஒருநாள் கிளம்பித்தான் ஆகவேண்டும்.

அதே சட்டம் பிற்காப்பு என்று ஒன்றையும் சொல்கிறது. ஆஃப்டர்கேர் என்றால் அதிகாரிகளுக்குச் சட்டென்று புரியும். இல்லத்தை விட்டு வந்தவருக்கு 21 வயதுவரை பணமாகவோ வேறு வகையிலோ தரும் ஆதரவுக்குத்தான் அந்தப் பெயர். விதிவிலக்கான சூழ்நிலை என்றால் இன்னும் இரண்டு வருடம், அதாவது 23வரை, நீட்டிக்கலாம் என்று அந்தச் சட்டத்துக்கான 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் சொல்கின்றன. சட்டத்தின் 46ஆம் பிரிவில் இருக்கும் சொல் 'வழங்கலாம்' என்பது, 'வழங்க வேண்டும்' அல்ல. அந்த ஒரு சொல் வித்தியாசத்துக்குத்தான் நாங்கள் இத்தனை அலைச்சல் அலைகிறோம்.

அரசாங்கம் எவ்வளவு தரும்? யார்கிட்ட கேக்கணும்?

குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிற்காப்புக்கு ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய். அது அந்தப் பிள்ளையின் சொந்த வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். கேட்கவேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. உத்தரவு போடுவது குழந்தைகள் நலக் குழு. சட்டத்துடன் முரண்பட்ட பிள்ளை, அதாவது குற்ற வழக்கில் சிக்கியவர், என்றால் இளைஞர் நீதிக் குழுமம் அல்லது குழந்தைகள் நீதிமன்றம்.

வெளியேற இரண்டு மாதம் இருக்கும்போதே, பிள்ளை எங்கே தங்கும், என்ன படிக்கும், யார் பார்த்துக்கொள்வார் என்ற திட்டத்தை எழுதிக் குழுவிடம் தர வேண்டும் என்பது விதி. நடைமுறையில் பையன் வெளியே வந்த பிறகுதான் பலர் எங்களிடம் வருகிறார்கள். நீங்கள் ஏதாவது ஒரு இல்லத்துக்குப் போய்வரும் ஆள் என்றால், பதினேழரை வயதில் இருப்பவர்கள் யார் யார் என்று இன்றே கேட்டுவையுங்கள்.

4,000 ரூபாயில சென்னையில என்ன பண்ண முடியும்?

தனி அறை எடுக்க முடியாது. ஆறேழு பேர் பகிரும் இடத்தில் ஒரு கட்டில் கிடைக்கலாம். மீதி சாப்பாட்டுக்குப் போதாது. அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி இருக்கிறது என்று வழிகாட்டாதவர் இல்லை, நல்ல விஷயம்தான். ஆனால் ராத்திரி ஷிப்ட் முடித்துவருபவனுக்கு அது திறந்திருக்கும் நேரம் ஒத்துவராது. இந்தப் பணத்தை முழு ஆதாரமாக நினைக்காமல், வேலை பாதியில் போனால் அந்த மாதம் வாடகை தவறாமல் இருக்க உதவும் தொகையாக நினைத்தால் ஏமாற்றம் குறையும்.

எந்தெந்தப் பேப்பர் கையில இருக்கணும்?

மற்ற எதையும்விட இதில்தான் அதிக நாள் போகிறது. ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், இல்லத்தில் இருந்ததற்கான கடிதம், குழந்தைகள் நலக் குழு போட்ட உத்தரவின் நகல். பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அதிர்ஷ்டம். எல்லாம் அசலாகப் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். இல்லத்தின் பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்வார்கள். பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் சாவி வைத்திருப்பவர் லீவில் போன அன்றுதான் கல்லூரியில் கடைசி நாளாக இருக்கும்.

ஆதாரில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அதில் இணைந்திருக்கும் போன் எண் யாருடையது? பெரும்பாலும் வார்டனுடையது, அல்லது எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவருடையது. ஓடிபி அங்கே போய்க்கொண்டிருந்தால் இவர் எதுவுமே செய்ய முடியாது. சிம் வாங்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை அதை மாற்றுவது. இரண்டு, பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா? ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறைதான் திருத்த விடுவார்கள். எது சரியான தேதி என்று முடிவு செய்துகொண்டு அப்புறம் போங்கள். தேதியே தெரியாத பிள்ளைகளுக்கு, குழு விசாரித்துப் பதிவுசெய்த வயதையே உண்மையான வயதாக இளைஞர் நீதிச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அந்த உத்தரவின் நகல் ஏன் வேண்டும் என்பது இப்போது புரிந்திருக்கும்.

வங்கிக் கணக்கு சிறு வயதில், காப்பாளர் பெயரோடு ஆரம்பித்ததாக இருக்கும். 18 ஆனதும் புதுக் கையெழுத்து, புகைப்படம், ஆதார் கொடுத்து மேஜர் கணக்காக மாற்றாவிட்டால் பணம் ஏறும், எடுக்க முடியாது. முதல் சம்பளம் அப்படி மாட்டிக்கொண்டு ஒரு பையன் மூன்று வாரம் கடன் வாங்கிச் சாப்பிட்டான்.

அப்பா அம்மா பேரே தெரியாது. சாதிச் சான்றிதழ் எப்படி வாங்குறது?

தமிழ்நாட்டில் இதற்கு வழி இருக்கிறது, தாலுகா அலுவலகத்திலேயே சிலருக்குத் தெரியாது. பத்து வயதுக்கு முன்னால் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே ஒரு பிரிவாக இருக்கிறார்கள். விண்ணப்பத்தோடு பட்டியலின் அந்த வரியை அச்சடித்து இணைத்துவிடுங்கள். விஏஓவிடம் வாதாடுவதைவிட அது சுலபம்.

பாஸ்போர்ட்டும் இதே கதைதான். பெற்றோர் பெயர் இல்லை, பிறந்த தேதிக்கு ஆவணம் இல்லை என்றால், இல்லத்தின் தலைவர் தன் லெட்டர்ஹெட்டில் தரும் உறுதிமொழியை ஏற்கலாம் என்று 2016 டிசம்பரில் விதியைத் தளர்த்தினார்கள். வெளிநாட்டு வேலை கனவோடு இருக்கும் ஐடிஐ பையன்களுக்கு இதைச் சொன்னால் முகமே மாறிவிடும்.

வெளிய வந்ததும் முதல்ல எங்க தங்க வைக்கிறது?

ஒரேயடியாகத் தனி அறைக்கு அனுப்பாதீர்கள். ஐம்பது பேர் நடுவில் தூங்கிப் பழகிய பிள்ளைக்குத் தனி அறையின் முதல் ராத்திரி பயங்கரமாக இருக்கும். ஒருவன் இரவு இரண்டு மணிக்குப் போன் செய்து, "அண்ணா, சத்தமே இல்ல, தூக்கம் வரல" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அப்புறம் வேறு பிள்ளைகளும் அதையே சொன்னார்கள்.

மாதிரி விதிகளே ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தற்காலிகமாக வாழும் குழு வீட்டைத்தான் சொல்கின்றன. அப்படி ஒன்று உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்று பாதுகாப்பு அலகில் கேளுங்கள். பிற்காப்பு தர முன்வரும் அமைப்புகள், தனிநபர்கள் பட்டியல் அவர்களிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கல்லூரி விடுதி, கம்பெனி தரும் தங்குமிடம், திருவல்லிக்கேணி மேன்ஷன். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. வேலை கொடுப்பவரே தங்குமிடமும் கொடுத்தால் ஒரு கண் வைத்திருங்கள். வேலை போன அதே நாளில் படுக்கையும் போய்விடும்.

பேச்சிலருக்கே வீடு தரமாட்டேங்கிறாங்க, ஹோம் பசங்களுக்கு யார் தருவா?

கொஞ்சம் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். "சொந்த ஊர் எது, அப்பா என்ன பண்றார்" என்பதுதான் வீட்டுக்காரரின் முதல் கேள்வி. அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். பொய்க் கதை வேண்டாம், முழுக்கதையும் வேண்டாம். "பெற்றோர் இல்லை, இவர் எனக்கு கார்டியன் மாதிரி" என்று சொல்லிப் பக்கத்தில் நிற்கும் உங்களைக் காட்டினால் பாதிக் கதவு திறக்கும். மீதிப் பாதி, வாடகை தவறினால் நான் பொறுப்பு என்று நீங்கள் சொல்வதில் இருக்கிறது. முடியுமென்றால் மட்டும் சொல்லுங்கள்.

அட்வான்ஸ் விஷயம். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாத வரைக்கும் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. சென்னையில் பத்து மாதம் கேட்டுப் பழகியவர்கள் அந்த 'வேறு மாதிரி'க்குள் ஒளிந்துகொள்வார்கள். சட்டத்தைச் சொல்லிச் சண்டை போட்டு வீடு வாங்க முடியாது, பேசிக் குறைக்க ஒரு பிடி கிடைக்கும், அவ்வளவுதான். எழுத்தில் ஒப்பந்தம் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வாடகை, கரண்ட், காலி செய்ய எத்தனை நாள் அவகாசம், இவை தாளில் இருக்கட்டும்.

வீடு கிடைச்சும் ரெண்டு மாசத்துல காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வாடகை ஒழுங்காத்தான் கட்டினான். ஏன்?

கூட்டம் சேர்ந்திருக்கும். நான் பார்த்தவரை அறை போவதற்கு வாடகை பாக்கியைவிட இதுதான் பெரிய காரணம். ஒருவனுக்கு அறை கிடைத்தது என்று தெரிந்ததும், இல்லத்தில் கூட வளர்ந்த நாலு பேர் படுக்க வந்துவிடுவார்கள். அவனால் மறுக்க முடியாது. அவர்கள்தான் அவனுக்கு அண்ணன் தம்பி. நாளைக்கு அவன் வேலை போனால் அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும்.

"யாரையும் சேர்க்காதே" என்று உத்தரவு போட்டால் தலையாட்டிவிட்டுச் சேர்ப்பான். அதனால் முன்கூட்டியே பேசி ஒரு ஏற்பாடு செய்கிறோம்: வீட்டுக்காரரிடம் ஆரம்பத்திலேயே மூன்று பேர் என்று சொல்லி மூன்று பேருக்கான வாடகை, வெளியிலிருந்து வருபவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும். இது எப்போதும் வேலை செய்வதில்லை.

வாடகையை நாங்களே கட்டிட்டா என்ன?

கட்டலாம், எப்போது நிறுத்துவீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டு. நாங்கள் செய்வது: முதல் மூன்று மாதம் முழுசும், அடுத்த மூன்று மாதம் பாதி, அப்புறம் இல்லை. அட்வான்ஸ் தொகை எங்கள் பணம், காலி செய்யும்போது அடுத்த பிள்ளைக்குப் போகும் என்பதும் அவருக்குத் தெரியும். சொல்லாமல் தருவதும் சொல்லாமல் நிறுத்துவதும்தான் மனசை உடைக்கும்.

ரொக்கமாகக் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் போன் இஎம்ஐ, அல்லது கடன் ஆப். இந்தக் கடன் ஆப் விஷயத்தைப் பிள்ளைகள் மறைப்பார்கள், காண்டாக்டில் இருக்கிறவர்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்கிய பிறகுதான் சொல்வார்கள். திட்டாமல் கேட்டால் சீக்கிரம் சொல்வார்கள்.

என்னென்ன கத்துக்கொடுக்கணும்? சமையல் தெரியுமா அவங்களுக்கு?

தெரியும், நாற்பது பேருக்கு! ஒரு பெண் முதல் நாள் தனக்குச் சாம்பார் வைத்தாள், தெருவுக்கே கொடுத்தோம். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி, கால் கிலோ தக்காளி எத்தனை நாள் வரும் என்பது தெரியாது. கடையில் நின்று வாங்கியதே இல்லாதபோது எப்படித் தெரியும்?

அதே மாதிரி: சிலிண்டர் மாற்றுவது, கரண்ட் பில் யூனிட் பார்ப்பது, பேங்க் சலான் எழுதுவது, ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டு போடுவது, சம்பளச் சீட்டில் பிடித்தம் என்ன என்று படிப்பது. 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடு) உண்டா, பத்துப் பேராவது வேலை செய்யும் இடமா என்று பாருங்கள். காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாதவருக்கு இஎஸ்ஐ அட்டை சின்ன விஷயமல்ல. இதற்கெல்லாம் வகுப்பு எடுக்காதீர்கள். கூடவே போய், முதல் தடவை நீங்கள் செய்யுங்கள், அடுத்த தடவை அவர் செய்யட்டும்.

படிக்க வைக்கிறதா, வேலைக்கு அனுப்புறதா?

அவரைக் கேளுங்கள். நம் ஆசை பட்டப்படிப்பு, அவர் ஆசை சம்பளம் என்று இருக்கலாம். அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் வரும். ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளி என்றால் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. அரசு ஐடிஐயில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ். கையில் தொழிலோடு சீக்கிரம் நிற்க விரும்புகிறவர்களுக்கு என் வோட்டு ஐடிஐக்குத்தான்.

கல்லூரி விடுதியில் சேர்ப்பவர்கள் மறக்கும் ஒன்று: தீபாவளி, பொங்கல், மே மாதம். விடுதியைப் பூட்டுவார்கள். மற்றவர்கள் ஊருக்குப் போவார்கள். இவர் எங்கே போவார்? சேர்க்கும்போதே இதற்கும் ஓர் இடம் யோசித்துவையுங்கள்.

மூணு மாசத்துல நாலு வேலை மாறிட்டான். நாங்க செஞ்சதெல்லாம் வீண்தானா?

உங்கள் வீட்டுப் பையன் 19 வயதில் நாலு வேலை மாறினால் "செட் ஆகல" என்பீர்கள். அவனுக்குத் திரும்பிவர ஒரு வீடு இருக்கிறது, அதனால் அது கதையாக முடியும். இவனுக்கு ஒவ்வொரு மாற்றமும் வாடகையைத் தொடும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏன் விட்டான் என்று விசாரித்தால், பெரும்பாலும் யாரோ எதையோ சொல்லியிருப்பார்கள். "அநாதைப் பயலே" என்று ஒரு சூப்பர்வைசர் சொன்ன அன்றே சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவனை எனக்குத் தெரியும். மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் தூக்கம் என்று வளர்ந்த பிள்ளைக்கு, பிடிக்காததை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அங்கேயே தொடர்ந்து இருக்கலாம் என்பதே புதுச் செய்தி. அடங்கிப்போவது, இல்லாவிட்டால் ஓடிப்போவது, இந்த இரண்டைத்தான் பார்த்திருக்கிறான். அடுத்த வேலைக்கு அனுப்பும் முன்னால், "விடணும்னு தோணுச்சுன்னா விடு, ஆனா முந்தின நாள் எனக்கு ஒரு போன் பண்ணு" என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொண்ணுன்னா ஒரு நல்ல இடமா பார்த்துக் கல்யாணம் பண்ணிவெச்சுட்டா பொறுப்பு முடிஞ்சிடுமே?

யாருடைய பொறுப்பு? நல்ல மனசோடு கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் சண்டை வந்தால் திரும்பி வர அம்மா வீடு என்று ஒன்று இல்லாத பெண்ணை, 18 வயதில், கையில் வேலையும் இல்லாமல் அனுப்புவது ஆபத்து. 'கேட்க ஆள் இல்லை' என்பது மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியும். முதலில் சம்பளம், சொந்தக் கணக்கு. கல்யாணத்தை அவள் பார்த்துக்கொள்வாள், அப்போது அம்மா வீட்டு ஆளாக நீங்கள் போய் நில்லுங்கள்.

அம்மா உயிரோட இருக்காங்க. 18 ஆனதும் வந்து கூப்பிடுறாங்க. அனுப்பலாமா?

அனுப்புவது, தடுப்பது இரண்டும் உங்கள் கையில் இல்லை. அவர் இப்போது மேஜர். இல்லத்துப் பிள்ளைகள் பலருக்கு அப்பாவோ அம்மாவோ உண்டு. வறுமை, குடி, மறுமணம் என்று ஏதோ ஒன்றில் பிரிந்திருப்பார்கள். பத்து வருட ஏக்கம், நாம் ஒரு வார்த்தை சொல்லிக் கரையாது. சில வீடுகளில் கூப்பிடுவது சம்பளத்துக்காகவும் இருக்கும், அதையும் அந்தப் பிள்ளை போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும்.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அறையை ஒரு மாதம் காலி செய்யாதே, ஏடிஎம் கார்டை யாரிடமும் கொடுக்காதே. போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய். அந்த ஒரு மாத வாடகையை நாங்கள் கட்டுகிறோம், மேலே சொன்ன கணக்கில் சேர்க்காமல்.

கூர்நோக்கு இல்லத்துல இருந்தவன். போலீஸ் வெரிஃபிகேஷன் வந்தா வேலை போயிடுமா?

கூர்நோக்கு இல்லம் என்பது வழக்கில் சிக்கிய சிறாரை வைத்திருக்கும் இடம். பிற்காப்பு அவருக்கும் உண்டு. சிறாராக இருந்தபோது நடந்ததற்காகப் பிற்பாடு எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகளை அழிக்கவும் சொல்கிறது. 16 வயது முடிந்தபின் கொடுங்குற்றம் செய்து, பெரியவர்போல விசாரிக்க வேண்டும் என்று குழந்தைகள் நீதிமன்றம் முடிவெடுத்த வழக்குகளுக்கு மட்டும் இது பொருந்தாது. சிக்கல் வந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள், நீங்களே போய் ஸ்டேஷனில் பேசாதீர்கள்.

ஹோம்லயே இருந்ததில்ல. பஸ் ஸ்டாண்டுல படுத்திருக்கான், 19 வயசு. இவனுக்கு என்ன வழி?

இதுதான் பெரிய ஓட்டை. 18க்குள் என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்தால் போதும். 19 என்றால் அந்த எண் உதவாது. இல்லத்தில் இருந்து வந்தவர் இல்லை என்பதால் பிற்காப்பும் இல்லை. மிஞ்சுவது மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகம். ஒரு லட்சம் நகர மக்களுக்கு நூறு பேர் தங்கும் அளவு காப்பகம் வேண்டும் என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கணக்கு. போய்ப் பாருங்கள், பல இடங்களில் வயதானவர்கள், மனநலம் குன்றியவர்கள் நடுவில் இந்த இளவட்டம் இரண்டு நாளில் கிளம்பிவிடும். அதனால் அங்கே படுக்கை வாங்கிய கையோடு வேலையும் தேட ஆரம்பியுங்கள்.

அடையாள அட்டை எதுவுமே இல்லையென்றால் வாக்காளர் அட்டையில் தொடங்கலாம். வாக்காளர் பட்டியலில் சேர்வதற்கான படிவம் 6 வீடில்லாதவருக்கும் உண்டு. எழுதிக்கொடுத்த இடத்தில்தான் தூங்குகிறாரா என்று வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரியில் வந்து பார்க்க வேண்டும், அவ்வளவே. அந்த ராத்திரிகளில் ஆள் அங்கே இருக்கும்படி நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்க வீட்லயே ஒரு ரூம் இருக்கு. தங்க வெச்சுக்கலாமா?

வீட்டில் எல்லோரும் சம்மதித்து, எத்தனை மாதம் என்று பேசிவிட்டு, வாடகை என்று ஐந்நூறாவது வாங்கிக்கொண்டு, செய்யலாம். வீட்டு வேலைக்கு ஆள் கிடைத்த மாதிரி என்று மனசின் ஓரத்தில் ஒரு நினைப்பு இருந்தால் வேண்டாம். அப்புறம், போட்டோ எடுத்து "எங்கள் புதிய மகன்" என்று போடாதீர்கள். அவருடைய பழைய கதை யாருக்குத் தெரியலாம் என்று முடிவெடுப்பது அவர்.

எப்ப நாம விலகலாம்? சொந்தக் கால்ல நிக்கிறாங்கன்னு எப்படித் தெரியும்?

பணம் தருவதற்கு முடிவு தேதி உண்டு, மேலே சொல்லிவிட்டேன். அரசு உதவி 21இலோ 23இலோ நிற்கும். இங்கிலாந்தில் இப்படி வெளிவருபவர்களுக்கு 25 வயதுவரை ஓர் ஆலோசகரை வைத்திருக்கிறார்கள். இங்கே அது நீங்கள்தான்.

போன் எடுப்பதற்கு முடிவு தேதி வைக்காதீர்கள். கம்பெனிப் படிவம், ஆஸ்பத்திரிப் படிவம் எதிலும் 'அவசரத் தொடர்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே வந்ததும் இந்தப் பிள்ளைகளின் பேனா நின்றுவிடும். உங்கள் எண்ணை எழுதச் சொல்லுங்கள். எண் மாற்றினால் மறக்காமல் அவர்களுக்கும் சொல்லுங்கள்.